ஊமைக்கொட்டான் சொன்ன அவுட்

பின்னாளில் இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆனவளோடு முதன்முதலில் ஆடியது ஒரு சுவர். அவள் அம்மாவுக்கு டென்னிஸ் கிளப்பில் துண்டு துவைக்கும் வேலை. துணி காய்ந்து மடிக்கும் வரை மகளுக்குப் போக்கிடம் கிடையாது. யாரோ தூக்கிப் போட்ட மட்டையும் ரோமம் உதிர்ந்த பந்துமாகத் தண்ணீர்த் தொட்டிச் சுவரோடு மல்லுக்கட்டுவாள். சுவர் திருப்பி அடிக்கும், திருப்பிப் பேசாது. அவளும் பேசமாட்டாள். கிளப்பில் அவளுக்கு ஊமைக்கொட்டான் என்று பெயர்.

பத்து வயதில் ஒருநாள், கம்பவுண்டர் மகள் வந்து குறுக்கே நின்றாள். இவள் வயதுதான். வாய் மட்டும் இவளைப்போல் பத்து மடங்கு.

"சுவத்தோட ஆடினா எப்படிடி ஜெயிப்ப? அதுக்குத் தோக்கவே தெரியாது. என்கூட ஆடு. நான் சூப்பரா தோப்பேன்."

அந்த வாயாடி அப்படியொன்றும் தோற்கவில்லை, பாதிக்குப் பாதி ஜெயித்தாள். ஐந்து வருடம் அவள் பேசினாள், இவள் சிரித்தாள். இவளுக்கு இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

பதினாறு வயதுக்குட்பட்டோர் போட்டி. கோப்பை வாங்குகிறவளுக்குப் பெருநகரப் பயிற்சி விடுதியில் ஓர் இடம். ஒன்றே ஒன்று. அரையிறுதியில் இவர்கள் இருவருமே மோத வேண்டி வந்தது.

அந்த ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் உள்ளே, வெளியே சொல்ல வேண்டும். மூன்றாவது செட்டில் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் இவளுக்கு வெற்றி. வாயாடி ஓங்கி அடித்த பந்து பின்கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு தெறித்ததை இவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"அவுட்."

சொன்னதோடு விட்டாளா பாவி? செம்மண்ணில் பதிந்திருந்த தடத்தையும் ஷூவால் தேய்த்து அழித்தாள்.

வாயாடி வலையருகே வந்து கை கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் இறுதி ஆட்டத்தைப் பார்க்கவும் வரவில்லை.

கோப்பையும் விடுதி இடமும் இவளுக்கே கிடைத்தன. அதன்பின் பதினாறு ஆண்டுகள். ஊர் ஊராகப் போய் ஆடினாள். இரண்டு கட்டில் போட்ட அறைகளில் ஒன்றில் படுத்துக்கொண்டு, மற்றொன்றில் பையை வைத்துக்கொண்டாள். ஜெயித்த அன்றெல்லாம் அம்மாவுக்குப் போன் செய்வாள்.

"ஜெயிச்சியா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"ம்."

அவ்வளவுதான் கொண்டாட்டம். சந்தேகமாக விழுந்த பந்தையெல்லாம் எதிராளிக்கே விட்டுக்கொடுத்தாள். பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பக்கத்தை மட்டும் அவளால் படிக்க முடிந்ததில்லை.

முப்பத்தொன்றில் முட்டி போயிற்று. அம்மாவிடம் திரும்பி வந்தாள். டாக்டர் எழுதிய சீட்டோடு இரண்டு மருந்துக் கடைகளைத் தாண்டி மூன்றாவதற்குப் போனாள். அது வாயாடியின் கடை.

"வாங்க," என்றாள் வாயாடி.

வாங்க! மரியாதையும் இப்படிக் குத்துமா?

"முட்டிக்கா? காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்ட பிறகு போடுங்க."

"அந்தப் பந்து உள்ளதான் விழுந்துச்சு."

மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"தெரியும். நீ காலால தேச்சதையும் பார்த்தேன்."

"அன்னிக்கே ஏன் கேக்கல?"

"நான் கேட்டு நீ சொல்றதுல என்ன இருக்கு? நீயா வந்து சொல்லுவேன்னு ஒரு வருஷம் காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் எனக்கு வேற வேலை வந்துருச்சு."

கத்தரிக்கோல் மறுபடி ஓடியது. மாத்திரை கவருக்குள் போயிற்று. இவள் அதை வாங்கிக்கொண்டாள், நகரவில்லை. பின்னால் நின்றவர் தன் சீட்டை நீட்டினார்.

"கொஞ்சம் தள்ளிக்கோடி, ஆளுங்க நிக்கிறாங்க."

தள்ளிக்கொண்டாள். எடை பார்க்கும் இயந்திரத்தின் பக்கத்தில், கவரைப் பிடித்தபடி நின்றாள். மன்னித்தேன் என்று வாயாடி சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வந்தவரின் சர்க்கரை அளவைக் கேட்டு அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள். கிடைத்த அந்த ஒற்றை 'டி'யை நம்பி இங்கே எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சாம்பியனுக்குத் தெரியவில்லை. நின்றாள்.