வண்டியைத் தூங்க வைப்பவர்

கார்க் கதவைத் திறந்து வைத்தபடியே, அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் மடக்கிவிடுகிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். கதவு சாத்தியாகிவிட்டது என்று கார் நம்பிவிடும், உள்விளக்கு அணைந்துவிடும். சாவியைக் கொண்டுபோய் மெக்கானிக் கடையின் மறுகோடியில் இருக்கும் தகர டப்பாவில் போடுகிறார். சாவி பக்கத்தில் இருந்தால் சில கார்கள் விழித்துக்கொண்டே இருக்குமாம். பாட்டரியின் ஒரு வயரைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து உதட்டில் விரலை வைக்கிறார்.

“உஷ். வண்டி தூங்கட்டும்.”

இதனாலேயே தெருவில் அவருக்கு உஷ் அண்ணன் என்று பெயர். ராத்திரி நன்றாக இருந்த கார் காலையில் முனகிவிட்டு அடங்கிப்போனால், இவரிடம்தான் தள்ளிக்கொண்டு வருவார்கள். அணைத்த காரிலும் கடிகாரத்துக்கு, அலாரத்துக்கு என்று துளி கரண்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்கு மேல் யார் குடிக்கிறார்கள் என்று பிடிப்பது இவர் வேலை. மீட்டரில் எண் இறங்கி நிற்கும்வரை பொறுத்திருப்பார். இறங்காவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில் திருடன் இருக்கிறான்.

அதுவரை யாரும் காரில் சாயக் கூடாது, பேசினாலும் ரகசியக் குரல்தான். காருக்குக் காது கிடையாது என்று அவருக்கும் தெரியும், பழகிப்போய்விட்டது. கடைக்கு மேலேதான் வீடு. “நம்ம பிள்ளைங்க தூங்கும்போது ஒருநாளாவது இப்படிப் பூனை மாதிரி நடந்திருப்பீங்களா?” என்று மாடிப்படியிலிருந்து மனைவி கேட்பாள். அவளுக்கும் அதே விரல்தான் பதில்.

ஒரு வக்கீலின் காரில் டேஷ்போர்டு டப்பாவுக்குள் செல்போனை வீடியோ ஓடவிட்டு வைத்து மூடினார். எடுத்துப் பார்த்தால், மூடிய டப்பாவுக்குள் பல்பு ஜோராக எரிந்துகொண்டிருக்கிறது. வக்கீல் அந்த வீடியோவை ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார்.

கார்க்காரரை மட்டும் எதுவும் கேட்கமாட்டார். “ஆளைக் கேட்டா ஊர்க்கதை சொல்வாங்க. வண்டியே சொல்லட்டும்.”

அக்கா புருஷனின் காரையும் அப்படித்தான் பார்த்தார். மாமாவுக்கு அந்தக் கார்தான் பிழைப்பு. விடியற்காலையில் நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய்ச் சிகிச்சை நிலையத்தில் விடுகிற வேலை. கார் கிளம்பாமல் சில காலைகள் தவறிப்போனதில், இனி ஒருமுறை தாமதமானால் வேறு காரை வைத்துக்கொள்வோம் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். மாமா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

மீட்டர் எண் ஒழுங்காக இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. நம்பாமல் ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்த்தார். புது பாட்டரி போட்டார். பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை மாற்றினார். ஒரு ராத்திரி கடையிலேயே நிறுத்தி வைத்தார். காலையில் ஒரே திருகலில் கிளம்பியது. மாமா கொண்டுபோன மறுநாளே திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “மாப்ள, என் ராசி வண்டிக்கும் ஒட்டிக்கிச்சு போல” என்றார் மாமா.

அன்றைக்குத்தான் உஷ் அண்ணன் பானெட்டை விட்டுவிட்டுப் பின்கதவைத் திறந்தார். அதுவரை வயர் இருக்கும் இடங்களில் மட்டுமே அவர் கண் போயிருந்தது. பின்சீட்டில் ஈரத்துண்டு விரித்துக் காயப்போட்டிருந்தது. பாட்டில் வைக்கும் குழியில் பல் துலக்கும் பிரஷ். முன்சீட்டுக்கு அடியில் தலையணை, நான்காக மடிந்து கிடந்தது. அதன் உறை அவருடைய அக்கா தைத்தது. அந்தத் தையலை அவருக்குத் தெரியும்.

கதவை மெதுவாகச் சாத்தினார். மாமா கடை வாசல் பெஞ்சில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ராத்திரி கார் ஃபேனைப் போட்டுக்கிட்டுத் தூங்கிடறீங்களா மாமா?”

“கொசு, மாப்ள. கண்ணாடிய இறக்க முடியல. கொஞ்ச நேரம்தான்னு போடுவேன். கண்ணசந்துருது.”

எப்போதிருந்து என்று கேட்டார். மழை தொடங்குவதற்கு முன்னாலிருந்தே என்றார் மாமா. சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லையாம். ஒருநாள் அக்கா கதவைத் திறக்கவில்லை. இவரும் இரண்டாம் முறை தட்டவில்லை.

போன வாரம் அக்காவோடு போனில் பேசியது உஷ் அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. எல்லாரும் நல்லா இருக்கோம் என்றுதான் அவள் சொன்னாள். மேற்கொண்டு அவர் கேட்கவில்லை.

“அக்கா ஒரு வார்த்தை சொல்லலையே.”

“அவளும் சொல்லல, நானும் சொல்லல. அதுல மட்டும் நாங்க ரெண்டு பேரும் ரொம்ப ஒத்துமை.”

மேலே வீட்டில் வந்து படுக்கச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா மறுப்பாகத் தலையை ஆட்டினார். “உன் வீட்டுக்கு வந்துட்டா நான் அந்த வீட்டைவிட்டு வந்துட்டேன்னு ஆயிரும். கார்ல கிடந்தா, வேலைக்குப் போன ஆளு இன்னும் திரும்பல, அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. காலையில் வண்டி கிளம்பிடுமா என்று மட்டும் கேட்டார். கிளம்பும் என்றார் உஷ் அண்ணன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் காரைக் கடைச் சுவரோரம் ஒட்டி நிறுத்தினார். கடைக்குள்ளிருந்து ஒரு வயரை இழுத்து வந்தார். மாடியிலிருந்து சின்ன மேசை ஃபேன் ஒன்றைத் தூக்கி வந்தார். மனைவி படியில் நின்று பார்த்தாள். பின்கதவின் கண்ணாடியை விரல் அளவுக்கு இறக்கி வயரை உள்ளே விட்டு, மிச்ச இடுக்கில் கொசு நுழையாதபடி துணியை அடைத்தார்.

ஃபேனை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்று தெரியவில்லை. முன்சீட்டில் ஏறி, மாமா சாய்த்து வைத்திருந்தபடியே சாய்ந்து படுத்துப் பார்த்தார். ஸ்டீயரிங் முழங்காலில் இடித்தது. கையை நீட்டி ஃபேனைக் கொஞ்சம் திருப்பினார். காற்று முகத்தில் பட்டது. சரியாகிவிட்ட பிறகும் இறங்காமல், காலை மடக்கிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அங்கேயே கிடந்தார்.