பங்குதாரர் அண்ணி

1977 ஆகஸ்ட் 11, வியாழக்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து குழாயடியில் தண்ணீர் பிடித்தேன். சங்கு ஊதுமுன் அண்ணன் ஆலைக்குக் கிளம்பினான். நான் கிளம்பவில்லை. விடுப்பு எடுத்து, அண்ணியைக் கம்பெனிப் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அழைத்துப் போனேன்.

அண்ணனும் நானும் வேலை பார்த்த அந்த ஆலை திருவொற்றியூரில் எங்கள் தெருக்கோடியிலிருந்தே தெரியும். தொழிலாளர் குடும்பங்களுக்கும் பங்கு விற்றபோது, ஒழுகும் கூரையை மாற்றச் சேர்த்த சீட்டுப் பணம் முழுவதையும் அண்ணி அதில் போட்டுவிட்டார். "பேரு தெரியாத கம்பெனிலயா போட்டேன்? சங்கு ஊதுனா வூட்டுக்கே கேக்குதே!" என்பார். இன்று என் மகன் பங்கு வாங்குமுன் பத்து கம்பெனிகளை அலசுகிறான். அண்ணி பார்த்தது ஒரு புகைபோக்கியை. அதில் புகை வராத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. அண்ணன் இன்னொரு தோசை கேட்டால், "என் கம்பெனிக்கு லேட்டா போவாத, நைனா!" என்று தட்டை எடுத்துவிடுவார்.

அந்த ஆண்டு போனஸ் தகராறு வந்தது. வேலைநிறுத்தம் வந்தால் பங்கு விலையும் விழும். அதற்குள் விற்று, மழைக்குமுன் கூரையைப் போடச் சொன்னான் அண்ணன்.

"என் கூலியும் உன் காசும் ஒரே படகுல கீது. கவுந்தா இன்னா பண்ணுவ?"

"மொதல்ல மொதலாளி மூஞ்சிய பாத்துட்டு வரேன்."

கூட்டத்தில் கேள்வி கேட்கலாம் என்று கம்பெனித் தலைவர் சொன்னதும், கல்யாணப் பட்டில் வந்திருந்த அண்ணி எழுந்துவிட்டார். நான் நாற்காலியில் சரிந்து அமர்ந்தேன்.

"லாபம் வந்துகீதுன்னு படிச்சீங்கோ, சந்தோசம். என் வூட்டுக்காரு போனஸு இன்னா ஆச்சு சார்?"

மண்டபமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். "போனஸ் ஏறினா உங்க பங்குக்கு வர்ற டிவிடெண்ட் குறையுமேம்மா?"

"கொறையட்டும் சார். டிவிடெண்டுல ஒரு பொடவ வரும். போனஸுல கூரையே வரும்!"

கைதட்டல் அடங்க நேரமானது. தலைவர், "பார்க்கலாம்" என்றார். அன்றிரவு இதைக் கேட்டு அண்ணனுக்குப் புரையேறியது. அண்ணி மட்டும் கூரையைப் பார்த்தபடி சாப்பிட்டார்.

மறுநாள் காலை, அடுப்புகூடப் பற்றவைக்காமல் அண்ணி என்னை எழுப்பினார்.

"பங்கெல்லாம் வித்துடு தம்பி. பாக்கலாம்னவரு, மழைல நம்ம வூட்ட வந்து பாக்கப் போறாரா? ஒண்ணே ஒண்ணு மட்டும் இருக்கட்டும்."

"ஒண்ணு எதுக்கு அண்ணி?"

"அடுத்த வருசமும் போயி கேக்க வேணாமா?"