மாவுக்காலில் வைத்த புள்ளி

மலாயாவில், காஜா பேராங் பகுதியில் தையல்கடை வைத்திருந்த ஷரீஃபுதீனுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகும், தோள்பட்டை மறக்காது. பள்ளிவாசலில் யாராவது சலாம் சொன்னால், வீட்டுக்கு வந்து மனைவி நூர்ஜஹானிடம், "முப்பத்தெட்டு மார்பு, வலது கை கொஞ்சம் நீளம், அவரு விசாரிச்சாரு" என்பார். அது யார் என்று அவள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

1957ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நல்லையா டாக்டர் ஒரு கோட்டு தைக்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; இங்கே சிறியதொரு மருத்துவமனை வைத்து எலும்பு வைத்தியம் பார்த்துவந்தார். ஷரீஃபுதீன் டேப்பை எடுக்காமலே அவர் முதுகை ஒருமுறை தடவிவிட்டு, "இடது தோள் அரை இன்ச் கீழ இருக்கு டாக்டர். சின்ன வயசுல விழுந்தீங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "மாமரத்தால விழுந்தனான். என்ர மனுசிக்கே தெரியாது. உமக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எலும்பு சொல்லுது டாக்டர்."

டாக்டருக்கு அப்போது ஒரு பெரிய தொல்லை இருந்தது. கடினமான அறுவைக்கு முன் நோயாளியின் உடம்பை மாவுக்கட்டால் அச்செடுத்து, அப்படியே ஒரு மாவுப் பொம்மை செய்துகொள்வார். இடுப்பெலும்பு முனை, முழங்கால் சில்லு, கணுக்கால் என்று அதில் புள்ளிகள் வைத்து, புள்ளிக்குப் புள்ளி அளந்துதான் எங்கே, எவ்வளவு வெட்டுவது என்று முடிவு செய்வார். ஆனால் மருத்துவமனையில் மூன்று பேர் புள்ளி வைத்தால் மூன்றும் மூன்று இடத்தில் விழும். "நீர் வந்து வைச்சுத் தாரும்" என்று கேட்டுக்கொண்டார்.

முதல் பொம்மையிலேயே ஷரீஃபுதீன் ஏழு புள்ளிகளையும் சிவப்பு மையால் குத்தினாற்போல் வைத்தார். டாக்டர் மகிழ்ந்துபோனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதென்ன பாய், வெளியால இன்னொரு கோடு?"

"தையலுக்கு விட்டது டாக்டர். ஒண்ணரை விரக்கடை. நாளைக்கு ஆளு சதை போட்டா?"

"நான் எலும்பு வெட்டப்போறன் பாய். பிரிச்சுத் தைக்கேலாது."

அதன்பின் ஷரீஃபுதீன் வெளிக்கோடு போடுவதை விட்டுவிட்டார். ஆனாலும் மனது கேட்கவில்லை என்று மனைவியிடம் சொன்னார்.

ஆகஸ்டு மாதம் மருத்துவமனைக் கூரை ஒழுகியதால், ஒரு பொம்மையை டாக்டர் கடைக்கே அனுப்பினார். இடுப்பு முதல் பாதம் வரை இரண்டு கால்கள். ஷரீஃபுதீன் நிதானமாகத் தடவிப் பார்த்தார். வலது இடுப்பெலும்பு முனை நன்றாகப் புடைத்து மேலேறி நின்றது. இவ்வளவு அழகான முனையை அவர் பார்த்ததே இல்லை. உச்சியில் புள்ளி வைத்து, அளந்த கணக்கை மட்டும் எழுதி அனுப்பினார்: வலது கால் இரண்டரை இன்ச் நீளம். வரும் திங்கட்கிழமை வலது தொடை எலும்பில் இரண்டரை இன்ச் எடுத்துவிடுவது என்று டாக்டர் முடிவு செய்தார்.

கடை மூலையில் அரை ஆள் அம்மணமாக நிற்பது நூர்ஜஹானுக்குப் பிடிக்கவில்லை. கணவரின் கட்டம்போட்ட சாரோங் ஒன்றை அதற்குக் கட்டிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை மாணிக்கவாசகம் கடைக்கு வந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். போன வருஷம் பஸ்ஸிலிருந்து விழுந்ததிலிருந்து கொஞ்சம் நொண்டுவார்.

"பாய், முழுக்கால் வச்சு வெள்ளை சிலுவார் ஒண்ணு வேணும் லா. திங்கக்கிழமை எனக்கு ஆப்பரேசன். மெர்டேக்கா ஊர்வலத்துல நாற்காலியில உக்காந்தாவது போவேன்."

ஒரே ஒரு சிக்கல். மாணிக்கவாசகத்துக்குக் கூச்சம் அதிகம். விரல் பட்டால் துள்ளிக் குதிப்பார். மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அவர் நெளிந்தது மட்டும்தான் விழுந்திருந்தது. மாவுக்கட்டு போடும்போது மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள்; அப்போதும் இடுப்புத் துணியை அவிழ்க்க விடவில்லை.

ஷரீஃபுதீனுக்கு வழி தெரியும். "அண்ணே, டிக்கெட் எடுக்காம உஜோங் பாசிர் வரைக்கும் போறாங்களாமே?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா? என் பஸ்ஸிலயா?" என்று மாணிக்கவாசகம் கையை ஆட்டிக் கத்தத் தொடங்கினார். கூச்சம் மறந்துபோயிற்று. அந்த நேரத்தில் ஷரீஃபுதீன் இரண்டு கால்களையும் அளந்துவிட்டார்.

வித்தியாசம் ஒரே ஒரு இன்ச்.

மறுபடி அளந்தார். ஒரு இன்ச். வலது இடுப்பைத் தொட்டார், திங்கட்கிழமை அறுவைக்கென்று வந்த பொம்மையில் இருந்த புடைப்பே இல்லை. மூலையில் நின்ற பொம்மையின் சாரோங்கை அவிழ்த்தார்.

"யாரு பாய் இது?"

"நீங்கதான்!"

மாணிக்கவாசகம் தம் மாவுக்கால்களை முன்னும் பின்னுமாகச் சுற்றிப் பார்த்தார். "பின்பக்கம் இப்படியா இருக்கு?" என்று வருத்தப்பட்டார்.

"அதை விடுங்க. மாவு பூசுறப்போ இடுப்புல என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் இல்லை லா. மூக்குப்பொடி டப்பா மட்டும். வெளிய வச்சா நர்ஸ் பிடுங்கிடுவாளே!"

ஷரீஃபுதீன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அல்லாவே! உங்க பொடி டப்பாவுக்கா நான் புள்ளி வச்சேன்!"

கடையை அப்படியே போட்டுவிட்டு மூன்று சக்கர பேச்சா வண்டி ஒன்றைக் கூப்பிட்டார். மாணிக்கவாசகத்தை உட்காரவைத்து, அவருடைய மாவுக்கால்களை அவர் மடியிலேயே வைத்துவிட்டு, தாம் சைக்கிளில் முன்னால் போனார். வழியெல்லாம் சனம் நின்று பார்த்தது. மாணிக்கவாசகம் எல்லாருக்கும் சலாம் வைத்தார்.

டாக்டர் உளியால் மாவைத் தட்டினார். புடைப்பின் ஓரத்தில் டப்பா மூடியின் வரி வரியான அச்சு தெரிந்தது.

"பிழை என்னுடையதுதான் டாக்டர்" என்றார் ஷரீஃபுதீன். "அழகா இருக்கேன்னு ஏமாந்துட்டேன்."

"நானும் ஏமாந்தனான் பாய். வெட்டியிருந்தா இவர் மற்றப் பக்கம் நொண்டியிருப்பார்." டாக்டர் மாணிக்கவாசகத்திடம் திரும்பினார். "ஒரு இன்ச்சுக்கு வெட்டத் தேவையில்லை. இடது சப்பாத்துக்குள்ள தக்கை வைச்சாக் காணும்."

மாணிக்கவாசகத்தின் முகம் வாடிவிட்டது. "ஆப்பரேசன் இல்லையா? புக்கிட் பாரு பஸ் முழுக்கச் சொல்லிட்டேனே!"

முப்பத்தொன்றாம் தேதி சுதந்திர நாள் ஊர்வலத்துக்கு அவர் நேராக நடந்தே போனார். கேட்டவர்களிடம் எல்லாம், "எட்டு மணி நேரம் ஆப்பரேசன்" என்றார். டாக்டர் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு மாவு பூசும் முன் ஒவ்வொரு நோயாளியையும் ஷரீஃபுதீன் சோதனை போட வேண்டும் என்பது சட்டமாயிற்று. சாவிக்கொத்து, தாயத்து, பாதி தின்ற கெத்துபாட் சோற்றுக்கட்டி என்று பலதும் கிடைத்தன. பத்து வருஷத்துக்கு மேல் அவர் புள்ளி வைத்தார், ஒன்றும் தப்பவில்லை.

ஒருமுறை, தம் புள்ளி எப்படிப் பயன்படுகிறது என்று பார்க்கட்டும் என டாக்டர் அவரை அறுவை அறைக்குள் அழைத்துப்போனார். கத்தி தோலைத் தொடும் முன்பே ஷரீஃபுதீன் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியபோது, "துணின்னா வெட்டுறப்போ சும்மா கிடக்கும் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே போய் நர்ஸின் மேலங்கியில் பிரிந்திருந்த தையலைச் சரிசெய்யத் தொடங்கினார்.