லொறி கேட்டு ஏறி இறங்கியது

இன்று காலை என் மனைவிக்கு வலி கண்டது. தலைச்சன் பிள்ளை.

"தாமசிக்காதீங்க மாஸ்டர், லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார் தோட்டத்து மருத்துவச்சி. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் வாகனம் என்றால் கொழுந்து ஏற்றும் லொறி ஒன்றுதான்.

பதற்றத்தில், பள்ளிக்கூட மாஸ்டரான நான் ஒரு தவறு செய்தேன். லொறி கேட்டு, நேரே தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் பங்களாவுக்கு ஓடினேன்.

பங்களா வேலையாள் அப்பு வாசலிலேயே மறித்தார். "பெரிய கிளாக்கர்கிட்டச் சொன்னீங்களா?"

ஆபீசுக்கு இறங்கினேன். "சின்னத்துரை சொல்லாம நான் எப்படிங்க பெரியவர்கிட்டப் போறது?" என்றார் கிளாக்கர்.

சின்னத்துரை மலையில் இருந்தார். "கணக்கப்பிள்ளை ஒண்ணும் சொல்லலையே" என்று ஆச்சரியப்பட்டார்.

கணக்கப்பிள்ளை கீழே கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார். "மொதல்லயே என்கிட்ட வந்திருந்தா இந்நேரம் லொறி போயிருக்குமே, மாஸ்டர்! படிச்சவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று கடிந்துகொண்டு, சின்னத்துரையைப் பார்க்க மலை ஏறத் தொடங்கினார்.

அப்போது என் வீட்டுப் பக்கமிருந்து மருத்துவச்சி கத்தினார். "மாஸ்டர், பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

என் மகள் யாரையும் கேட்காமல் நேராக வந்துவிட்டாள். இந்தத் தோட்டத்தில் எப்படிப் பிழைக்கப்போகிறாளோ என்பதுதான் இப்போதைய கவலை.

சாயங்காலம் லொறிக்கு அனுமதி கிடைத்தது.

அவளுக்கு நல்ல பெயர் தோன்றுபவர்கள் தயவுசெய்து கணக்கப்பிள்ளை மூலமாகத் தெரிவிக்கவும்.