இன்பராணி திருப்பிக் கேட்டது

இன்பராணிக்குப் பயம் வந்தால் முதலில் வயிறுதான் சொல்லும். அப்புறம் உள்ளங்கை வேர்க்கும். அதற்கும் பிறகுதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஊசி போடவோ, ரத்தத்தைப் பார்க்கவோ, செத்துப்போனவரின் கண்ணை மூடிவிடவோ அவளுக்குப் பயம் கிடையாது. நர்ஸ் வேலையில் அவள் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு இங்கிலீஷ் பேசினால் போதும், அத்தோடு சரி, வாய் பூட்டிக்கொள்ளும்.

தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரி. தமிழ் மீடியத்தில் படித்து, மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் முடித்து, தொண்ணூற்றெட்டில் டெல்லிக்கு ரயிலேறியவள். தெற்கு டெல்லியில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வேலை. தங்கியது முனிர்காவில், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத ஓர் அறை. கூடத் தங்கியவள் தூத்துக்குடி மரியா. அவளுக்கும் அதே நர்சிங் ஹோம், அதே வேலை. இந்தி இன்பராணிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. ஆட்டோக்காரன் கூடுதலாகக் காசு பிடுங்கிக்கொண்டால், "பையா, பைசா வாபஸ் தோ!" என்று, காசைத் திருப்பிக் கேட்டு நடுரோட்டில் நின்று சண்டை போடுவாள். அப்படிப்பட்ட வாய்தான் நர்சிங் ஹோம் மானேஜர் சோப்ராவின் அறைக்குள் போனதும் "யெஸ் சார், ஓகே சார்" என்ற இரண்டோடு நின்றுவிடும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சோப்ரா அவளுடைய அசல் சான்றிதழ்களை எல்லாம் வாங்கிக்கொண்டார். பிளஸ் டூ மார்க் ஷீட், நர்சிங் டிப்ளமோ, கவுன்சில் பதிவு, சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரு பழுப்புக் கவரில் போய் அவருடைய இரும்பு அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டன. பாதியில் ஓடிவிடக்கூடாது என்பதற்காக இரண்டு வருஷ பாண்ட். பாண்ட் முடிந்து மேலும் இரண்டு வருஷம் ஓடிப்போயிற்று, கவர் மட்டும் வெளியே வரவில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அவள் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை. கேட்டவர்கள் கதியைத்தான் பார்த்திருக்கிறாளே. கேட்ட மறுநாளிலிருந்து மாதக்கணக்கில் நைட் டியூட்டி போடுவார்கள், லீவு என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், கடைசியில் அனுபவச் சான்றிதழில் ஏதாவது குத்தலாக எழுதி அனுப்புவார்கள்.

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில், ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும். வராதவர்களின் பெயர் நீக்கப்படும். கடிதத்தைப் படித்தபோது வந்த சந்தோஷம் கடைசி வரிக்குப் போவதற்குள் வடிந்துவிட்டது. வயது வரம்பு முடிய அவளுக்குச் சில மாதங்கள்தான் பாக்கி. இன்னொரு தேர்வு எழுத முடியாது.

மரியா குதித்தாள். "ஏட்டி, கவர்மெண்டு வேலைட்டி! குவார்ட்டர்ஸ் குடுப்பாவ, பென்ஷன் உண்டு. நாளைக்கே போயி சர்டிபிகேட்ட கேளு."

"கேக்கணும்" என்றாள் இன்பராணி.

மறுநாள் போனாள். கதவைத் தட்டினாள். சோப்ரா நிமிர்ந்து, "யெஸ்?" என்றார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த இங்கிலீஷ் அத்தனையும் எங்கே போயிற்றோ தெரியவில்லை. என்ன கேட்டாள் தெரியுமா? வெள்ளிக்கிழமைக்கு ஒருநாள் லீவு கேட்டாள்! அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மருந்து ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். உண்மையைச் சொல்ல தைரியம் இல்லாமல், "ஃபார் ஜெராக்ஸ், சார்" என்று ஒரு பொய்யை எடுத்து விட்டாள். ஜெராக்ஸ் எடுக்க என்று வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடலாம் என்பது யோசனை. சோப்ரா சிரித்தார். ஜெராக்ஸுக்காக ஏன் வெளியே அலைகிறாய், எங்களிடமே இருக்கிறதே என்று ஃபைலைத் திறந்து, அவளுடைய சான்றிதழ்களின் நகல்களையே ஒரு செட் எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார். தன் சான்றிதழின் நகலை, தன் சான்றிதழைப் பூட்டி வைத்திருக்கிறவரிடமே வாங்கிக்கொண்டு வந்தாள் பாவி மகள்.

அன்று சாயங்காலம் மரியாவுக்குப் பொறுக்கவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? கடிச்சா தின்னுப்புடுவான்?"

"ஒனக்கென்ன, சொல்லுவ. அவரு இங்கிலீஷ்ல ஒண்ணு கேட்டா நான் என்னத்த சொல்ல? தமிழ்ல ஏச்சு வாங்குனாக்கூட அழுதுட்டு போயிரலாம். அங்க அழக்கூட வரமாட்டேங்குது."

"நீயும் கேக்கல, நானும் கேக்கல. ரெண்டு பேரும் இங்கனயே கெடந்து கெழவி ஆவோம்" என்று மரியா போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அவளுடைய கவரும் அதே அலமாரியில்தான் இருந்தது.

புதன்கிழமை சரோஜினி நகரில் இங்கிலீஷ் வகுப்பு. செக்‌ஷன் ஆபீசர் சுந்தரேசனின் குவார்ட்டர்ஸில், அவர் மகள் அகல்யா முன்னறையில் பாய் விரித்து நடத்துவது. டெல்லியிலேயே பிறந்த பெண், காலேஜ் முடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ் பேசுவாள், ஒரு எழுத்து படிக்க வராது. வாரத்துக்கு இரண்டு முறை இன்பராணி பஸ் பிடித்து வந்துபோவாள். அன்று பாடத்தைக் கேட்காமல், நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"அகல்யா, நம்ம சாமானை ஒருத்தர் வச்சிருக்கார். அதை எப்படிக் கேக்கணும்? ப்ளீஸ் கைண்ட்லி ரிட்டர்ன்னு சொல்லலாமா?"

"அது லெட்டர் எழுதறதுக்கு அக்கா. வாயால கேக்கணும்னா கிவ் பேக். பென்சிலைப் பிடுங்கிட்டா சின்னக் குழந்தைகூட அதான் சொல்லும். கிவ் இட் பேக்! நிறைய சாமான்னா கிவ் தெம் பேக். சொல்லுங்க."

"ப்ளீஸ் கிவ் தெம் பேக்" என்றாள் இன்பராணி, பாயைப் பார்த்துக்கொண்டு.

"ஊஹூம். நீங்க ப்ளீஸ் போட்டா வாக்கியம் முழுசும் அழற மாதிரி ஆயிடறது. ப்ளீஸ் தப்பில்ல, பின்னாடி கத்துக்கலாம்." சொல்லிக்கொண்டே அகல்யா எட்டி இன்பராணியின் கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இப்ப கேளுங்க."

இன்பராணி சிரித்தாள். அகல்யா சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மற்ற பெண்களுக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாள். வகுப்பு முடிந்தது. எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பைக்குள் பஸ் பாஸ், அறைச் சாவி, ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் இருக்கிறது.

"பையக் குடும்மா, பஸ் போயிரும்."

"எனக்குத் தமிழ் நஹீம் மாலூம்" என்று, தமிழே தெரியாதவள்போலச் சொல்லிவிட்டு அகல்யா பையோடு சமையலறைக்குள் போய்விட்டாள். குக்கர் விசில் அடித்தது. இன்பராணி வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நின்றாள். விளையாட்டு என்று தெரிந்தாலும் கோபம் வந்தது. என் பைதானே? நானா அவளிடம் பிச்சை கேட்கிறேன்? என்னிடம் இருந்தது, அவள் கைக்குப் போனது, இப்போது என்னிடமே வரவேண்டும். அவ்வளவுதானே அந்த வார்த்தைக்குள் இருக்கிறது!

"அகல்யா! கிவ் இட் பேக்!"

குரல் அடுப்படி வரைக்கும் போய் மோதியது. உள்ளே படுத்திருந்த சுந்தரேசன் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார். அகல்யா பையை நீட்டினாள். "அச்சா, இதேதான் அக்கா. அந்த ஒருத்தர்கிட்ட இதையே சொல்லுங்க, வேற எதுவும் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை முழுக்க சோப்ராவைப் பிடிக்க முடியவில்லை. காலையில் நர்சிங் ஹோம் முதலாளியான பெரிய டாக்டரோடு மீட்டிங். மத்தியானம் இன்பராணிக்கு ஒரு ஆபரேஷன் கேஸ். மாலையில் வார்டிலிருந்து எட்டிப் பார்த்தால், அவர் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஏதோ கல்யாணத்துக்குக் கிளம்புகிறாராம். இன்றைக்கு விட்டால் நாளை வெள்ளி. இன்பராணி ஓடினாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"மை சர்டிபிகேட்ஸ். கிவ் தெம் பேக், சார்."

சோப்ரா கடிகாரத்தைப் பார்த்தார். சாவி தன்னிடம் இல்லை, பெரிய டாக்டரிடம் இருக்கிறது, அவர் பம்பாய் போகிறார், வந்ததும் பார்க்கலாம் என்று வேகமான இங்கிலீஷில் சொன்னார். இதற்குப் பதிலாக இன்பராணி ஒன்று தயார் செய்து வைத்திருந்தாள். நாளை வெரிபிகேஷன், பாண்ட் முடிந்துவிட்டது, இத்தனை வருஷம் நல்லபடியாக வேலை செய்திருக்கிறேன் என்றெல்லாம். வாயைத் திறந்தால் அதில் ஒரு சொல்கூட இல்லை. சுத்தமாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கிவ் தெம் பேக், சார்."

எழுதிக் கொடு, பரிசீலிக்கிறோம் என்றார்.

"கிவ் தெம் பேக், சார்."

இப்படிப் பேசுவது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது, அனுபவச் சான்றிதழ் கிடைக்காமல் போகும், வேறு எங்கேயும் வேலை கிடைக்காது என்று அடுக்கிக்கொண்டே போனார். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. புரிந்த பாதிக்கே ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் என்ன செய்வது, சொல்வதற்கு வேறு இங்கிலீஷ் இல்லையே! மறுபடியும் அதையே சொன்னாள். சோப்ரா நினைத்தது வேறு. என்ன சொன்னாலும் அசையாமல் ஒரே வார்த்தையில் நிற்கிறாளே, இது நம் பழைய இன்பராணி இல்லையே, யாரோ பலமான ஆள் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறான் என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"யார் இருக்கிறார்கள் உன் பின்னால்? யூனியனா? வக்கீலா?" இப்போது இந்தியில் கேட்டார்.

இந்தியில் அவளால் பிளந்து கட்டியிருக்க முடியும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. "கிவ் தெம் பேக், சார்" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் குரல் இறங்கவில்லை. நடையில் நோயாளிகளின் உறவுக்காரர்கள் நாலைந்து பேர் நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

சோப்ரா தன் கோட்டுப் பையில் கையை விட்டுச் சாவியை எடுத்தார். சாவி அங்கேதான் இருந்தது! அலமாரியைத் திறந்து, கவரை உருவி, மேஜைமேல் வீசினார். "நாளையிலிருந்து வராதே" என்றார்.

இன்பராணி கையுறையைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, அவர் முன்னாலேயே சரிபார்த்தாள். எல்லாம் இருந்தது. வெளியே போகும்போது, "தேங்க் யூ சார்" என்றாள். சனியன் பிடித்த பழக்கம், என்ன செய்ய.

அறைக்கு வந்து கவரைக் கட்டில்மேல் வைத்தபோது மரியா அதைத் தொடவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டே இருந்தாள். வேலை போய்விட்டது என்று இன்பராணி சொன்னாள். "போனா போவுது" என்று மரியா சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும், நாளைக்கு ஏதாவது தப்பினால் இது ரெண்டுங்கெட்டான் நிலைமை, ஊருக்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை. மரியா மெதுவாகக் கேட்டாள், "அந்த வார்த்தைய எனக்கும் சொல்லித் தாட்டி."

வெள்ளிக்கிழமை அரசாங்க ஆஸ்பத்திரியில் பனிமூட்டத்தோடு ஒரு வரிசை. நாடு முழுக்க வந்த நர்ஸ்கள், எல்லோர் கையிலும் ஃபைல். ஜன்னலுக்கு உள்ளே மஃப்ளர் சுற்றிய ஒரு கிளார்க். ஒவ்வொருவரும் அசலை உள்ளே நீட்ட, அவர் வாங்கிப் பக்கத்தில் இருந்த குவியலில் போட்டு, "ஒரு மாதம் கழித்து வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கொடுத்தார்கள், போனார்கள்.

இன்பராணிக்கு வயிறு சொல்ல ஆரம்பித்துவிட்டது. நேற்றுதான் கைக்கு வந்தது! இதையும் கொடுத்துவிட்டால்? வேலையும் இல்லை, காகிதமும் இல்லை. கொடுக்க மாட்டேன் என்றால் பெயரை அடித்துவிடுவார்கள். இவர் அரசாங்கம், சோப்ரா இல்லை. இவரிடம் போய்ப் பேசி, இருப்பதையும் கெடுத்துக்கொள்ளலாமா? வரிசை நகர்ந்தது. அவள் முறை வந்தது. கவரை நீட்டினாள். கிளார்க் ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனையை அவள் விடவில்லை.

கிளார்க் இழுத்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"வென் வில் யூ கிவ் தெம் பேக், சார்?"

இந்த வாக்கியத்தை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"மில் ஜாயேகா" என்றார் கிளார்க், கிடைக்கும் போ என்கிற தொனியில்.

"வென், சார்?"

கிளார்க் குவியலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கவரைப் பிரித்தார். அசலையும், அதோடு அவள் வைத்திருந்த சோப்ரா கொடுத்த நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஓட்டினார். முத்திரை குத்தினார். நகலை எடுத்துக்கொண்டு அசலை ஜன்னல் வழியே தள்ளினார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இன்பராணி கவரை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அங்கேயே நின்று ஓவென்று அழுதாள்.

"அரே சிஸ்டர், தே தியா நா! அப் க்யோம் ரோ ரஹீ ஹோ?" கொடுத்துத்தான் விட்டேனே, இப்போது எதற்கு அழுகிறாய் என்று கிளார்க் பதறிப்போய்க் கேட்டார்.

என்னவென்று சொல்வாள்? கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அதை அறிந்துகொள்ள அவளுக்கு நாலு வருஷம் ஆயிற்று. அந்த நாலு வருஷத்தை யாரிடம் போய்க் கேட்பது? தன்மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதைச் சொல்ல அவளுக்குத் தமிழும் வரவில்லை, இந்தியும் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பெண்ணுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.