சந்திரமதி கொடுத்த கேஸ்

சந்திரமதி லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதிகம் பேசமாட்டாள், வருகிறவர்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த ஜோடி கல்யாண மாலைக்குச் சொல்லிவிட்டுத் திரும்பி வராது என்பது முதலாளிக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். அம்மா போன பிறகு, கல்யாணம் காட்சி என்று தனக்கு எதுவும் செய்துகொள்ளாமல், ஈசூன் வட்டாரத்து வீட்டில் தம்பி தனசேகரனை ஆளாக்கியவள் அவள்தான்.

அந்தத் தம்பிதான் அவள் கையை உடைத்தான். அப்பாவின் திவசத்தன்று குடித்துவிட்டு வந்தான். படையல் முன் உட்காராதே என்றாள். துணி காயப்போடும் மூங்கில் கழியை எடுத்து விளாசினான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆத்திரத்தில் அவளே போலீசைக் கூப்பிட்டாள். அவனைப் பிடித்துக் கொண்டுபோய்க் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அவன் மனைவி சுசீலா பிணையில் எடுத்தாள்.

கைக்கட்டைப் பிரிப்பதற்குள் சந்திரமதியின் ஆத்திரம் வடிந்துவிட்டது. தம்பி ஜெயிலுக்குப் போய்விடுவானோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. போன் போட்டு, காத்தோங் பிள்ளையார் கோயிலுக்கு வரச் சொன்னாள்.

"உன்கிட்ட பேசவே கூடாதுன்னு பெய்ல் குடுக்கும்போது சொன்னாங்கக்கா."

"கம்ப்ளெயின்ட் குடுத்தது நானு. நானே வாடாங்கறேன். வேற யாருடா கேக்கப் போறா?"

வந்தான். இனிக் குடிக்க மாட்டேன் என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தான். அவள் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். அவளுக்குத் தெரிந்த வீடுகளில் சண்டை தீருவது இப்படித்தான். சாமி முன்னால் பேசி முடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

வழக்கு விசாரணைக்கு முன்னால் சாட்சியைப் பார்த்துப் பேச வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு போனாள். நிரஞ்சனா என்ற அரசு வழக்கறிஞருக்கு முப்பது வயதுகூட இருக்காது. நம் வக்கீல் நம் தமிழ்ப் பிள்ளையாகவே அமைந்துவிட்டது என்று சந்திரமதிக்கு உள்ளுக்குள் பெருமை.

"கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன் மிஸ். எங்க சைன் பண்ணணும்?"

"அப்படி வாங்க முடியாது மேடம். இது உங்க கேஸ் இல்ல."

"என் கைதானே மிஸ் உடைஞ்சது?"

"கை உங்களோடதுதான். கேஸ் அரசாங்கத்தோடது. போலீஸ் விசாரிச்சு ஃபைல எங்ககிட்ட அனுப்புவாங்க. கேஸ் நடத்தணுமா, விடணுமான்னு பாக்கறது எங்க ஆஃபீஸ். தப்பு பண்ணாரா இல்லையான்னு சொல்றது ஜட்ஜ். நீங்க சாட்சி."

"அப்ப நீங்க என் வக்கீல் இல்லயா?"

"இல்ல மேடம். ஆனா உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டு, அதையும் ஜட்ஜ்கிட்ட சொல்லுவேன்."

இந்தப் பெண்ணுக்கு விஷயம் இன்னும் புரியவில்லை என்று சந்திரமதி நினைத்தாள். கோயிலைச் சொன்னால் புரிந்துவிடும். போன் போட்டதிலிருந்து திருநீறு பூசியது வரை ஒன்று விடாமல் சொன்னாள். வாழ்நாளில் ஒரு அந்நிய மனுஷியிடம் அவ்வளவு பேசியதில்லை.

நிரஞ்சனா பேனாவை மேசையில் வைத்தாள்.

"அவர் நேர்ல வந்தாரா?"

"வந்து கால்லயே விழுந்தான் மிஸ்."

"உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு சொன்னது கோர்ட். நீங்களே கூப்பிட்டாலும் அவர் வரக்கூடாது மேடம். இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் கோர்ட்ல சொல்லியாகணும்."

"நான் சொல்லவே இல்லன்னு வச்சுக்கிடுங்க."

"அது முடியாது."

சந்திரமதிக்கு அப்போதுதான் விளங்கியது. தம்பியைக் காப்பாற்ற வந்த இடத்தில் தன் வாயாலேயே அவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

பிணையைப் பற்றி விசாரித்த அன்று அவள் கோர்ட்டில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே திரையில் ஓடிய வழக்குப் பட்டியலில் அரசு வழக்கறிஞர் எதிர் தனசேகரன் என்றுதான் இருந்தது. அவள் பேர் எங்கும் இல்லை. நிரஞ்சனா எழுந்து ஆங்கிலத்தில் பேச, மொழிபெயர்ப்பாளர் தனசேகரனுக்குத் தமிழில் சொன்னார். பேச்சில் கோயில் வந்தது. அக்காதான் கூப்பிட்டாள், மிரட்டல் எதுவும் இல்லை, தம்பிக்குத் தண்டனை வேண்டாம் என்கிறாள் என்பதும் வந்தது. அவள் சொன்னதில் ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. கடைசியில் பிணையை ரத்து செய்யும்படி நிரஞ்சனா கேட்டாள்.

தடை இருந்தது தெரியுமா, பிறகு ஏன் போனீர் என்று நீதிபதி கேட்டார்.

"அவங்கதான் வரச் சொன்னாங்க," என்றான் தனசேகரன். "கோயில், சத்தியம், அழுகை, எல்லாம் அவங்க போட்ட டிராமா. அவங்க பேச்ச நம்பித்தான் இங்க நிக்கிறேன். மொதல்ல போலீசக் கூப்பிட்டதும் அவங்கதான்."

மொழிபெயர்ப்பாளர் அதைக் குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார். சந்திரமதிக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. அவன் ஒருமுறைகூட அக்கா என்று சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, டிராமா என்றதைத் தவிர. கற்பூரத்தின் மேல் அவன் கை நடுங்கியதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தவள். யார் முகத்தையும் படித்துவிடுகிறவளுக்கு அந்த முகம் தெரியாமல் போயிருந்தது.

பிணை ரத்தானது. பக்கத்துக் கதவு வழியாக அவனை அழைத்துப் போனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் சுசீலா, "ஒரு தடவ வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல அண்ணி?" என்றாள். "கடையில பேசமாட்டீங்க, வீட்ல பேசமாட்டீங்க. அங்க போய்த்தானா பேசணும்?" பதிலுக்கு நிற்காமல் லிஃப்ட்டுக்குப் போய்விட்டாள்.

சந்திரமதி அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நிரஞ்சனா வெளியே வந்து அவளருகே நின்றாள்.

"மேடம், விசாரணைக்கு நீங்க வந்து சாட்சி சொல்லணும்."

"கை உடைஞ்ச அன்னிக்கு நடந்தத மட்டுந்தானே கேப்பீங்க?"

"நடந்தத நடந்தபடி சொன்னாப் போதும்."

"வரேன்."

"தம்பிக்குத் தண்டனை வேணாம்னு சொன்னீங்க. அது அப்படியே இருக்கட்டுமா?"

சந்திரமதி கோர்ட் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வழக்குக்கான ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"அதை இப்ப கேக்காதீங்க மிஸ்," என்றாள்.