தூறல் சுட்ட கீரை

எனக்குக் கையெழுத்துப் போடவும் பஸ் போர்டு படிக்கவும்தான் தெரியும். கீரை விஷயத்தில் மட்டும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் அரைக்கீரை போட்டு, ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு வீடாகக் கொடுத்துவந்தேன். சாணி எருவைத் தவிர வேறெதையும் என் பாத்தியில் போட்டதில்லை.

ஒரு ஆனி மாதம், வெகுநாள் காய்ந்த பிறகு லேசாகத் தூறியது. இரண்டு நாள் கழித்து இருட்டோடு அறுத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டு போனேன். முதல் வீட்டம்மா திருநெல்வேலிக்காரர். கட்டைப் பிரித்தார்.

"என்னம்மா, இலையெல்லாம் பொத்தலா இருக்கு? மருந்தடிச்சியா? பிள்ளைக திங்கிறதுல்லா!"

"மருந்து டப்பாவ நான் கையால தொட்டதுகூட கெடையாதும்மா."

"அப்ப கீரைக்கு அம்மை போட்டிருக்கோ?"

பக்கத்து வீடுகளிலும் சிரிப்பு. யாரும் வாங்கவில்லை. கூடை நிறையத் திரும்பினேன்.

வெளிச்சத்தில் பாத்தியைப் பார்த்தேன். ஊதுபத்தியால் சுட்டதுபோல் இலைக்கு இலை புள்ளி. மாட்டுக் கொட்டகைக் கூரைக்கு அடியில் இருந்த ஒரு ஓரம் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. அங்கே தூறல் படவில்லை.

என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் பாய்லர் ஓட்டுபவர். இலையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"நாங்க எரிக்கிற எண்ணெயில கந்தகம் கீதுமே. பொகையா மேல போயி, ஈரத்துல கலந்து ஆசிட்டா எறங்குது. லாரி பொகையும் அதுக்குக் கூட்டு. மொத தூறல்லதான் ஆசிட்டு சாஸ்தி. நம்ம வேலி தகரம் இன்னாத்துக்கு இத்தினி சீக்கிரம் சல்லடையாச்சுன்னு நெனச்சே? மண்ணு, ஏரித் தண்ணி எல்லாத்துலயும்தான் எறங்குது." பிறகு, "வெளிய சொல்லிகினு திரியாதே, வேல பூடும்" என்றார்.

மறுநாள் இரண்டு கட்டு எடுத்துப்போனேன். நனைந்தது ஒன்று, நனையாதது ஒன்று. இரண்டையும் அந்தம்மா கையில் கொடுத்து, "ரெண்டும் ஒரே பாத்திம்மா. இத சுட்டது மழை. அதுல கலந்தது எங்க ஊட்டுக்காரர் பத்தவெக்கிற பாய்லரு பொகை" என்றேன். சொல்லும்போது தலையைக் குனியவில்லை.

"அவரு புகைக்கு நீ ஏச்சு வாங்குதியே!" என்று சிரித்தார். பிறகு, "தப்பா பேசிட்டேம்மா" என்றார்.

புள்ளி விழுந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டேன். பெரிய மழை பெய்து ஓய்ந்தபின் வந்த கீரையை அந்தம்மாவிடம்தான் முதலில் நீட்டினேன். பிரிக்காமலே வாங்கப் போனார். நான் விடவில்லை. ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்த்த பிறகுதான் கொடுத்தேன்.